வயலுக்குப் போகும் கழிவுநீர், மீனுக்குப் போகும் கழிவுநீர்

சாக்கடை நீரைச் சுத்திகரித்து வயலுக்கும் மீன் குளத்துக்கும் விடும்போது "99 சதவீதக் கிருமி போய்விட்டது" என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். சாக்கடை நீரில் 100 மில்லிக்கு ஒரு கோடி ஈ.கோலை (மலத்தில் வரும் குடல் பாக்டீரியா) இருப்பது சாதாரணம். 99 சதவீதம் போனாலும் மிச்சம் ஒரு லட்சம். சுத்திகரிப்பு நிலையத்தில் காற்றை ஊதிக் கழிவைச் சிதைக்கும் வழக்கமான காற்றூட்டத் தொட்டி பெரும்பாலும் அந்த அளவோடு நின்றுவிடும். மிஞ்சியவற்றில் மருந்துக்கு அடங்காதவையும் உண்டு. அவை எதிர்ப்பு மரபணுவைப் பக்கத்துக் கிருமிக்கும் கைமாற்றிவிடும். சரி, அடுத்த கட்டமாக எதைச் சேர்ப்பது?

குளோரின் மலிவு. ஆனால் நீரில் அமோனியா இருந்தால் குளோரமைனாக மாறி வீரியம் குறைந்துவிடும். கிருமி செத்தாலும் அதன் டி.என்.ஏ. முழுசாக உடைவதில்லை, வேறொரு கிருமி அதை எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. வயலுக்குப் பரவாயில்லை. மீனுக்கு வேண்டவே வேண்டாம்: மிகச் சிறிய அளவு குளோரின் மிஞ்சினாலே செவுளைப் பதம்பார்த்துவிடும். தயோசல்பேட் போட்டு முறிக்கலாம்தான். ஒருநாள் அளவு தவறினால் மீனெல்லாம் செத்து மிதக்கும்.

புற ஊதா விளக்கில் அந்தப் பயம் இல்லை, நீரில் எதையும் கலப்பதில்லை. டி.என்.ஏ.வையே நேராகத் தாக்குகிறது. ஆனால் கிருமியை முடக்கப் போதுமான ஒளி அந்த எதிர்ப்பு மரபணுவை முழுசாகச் சிதைக்கப் போதாது. நீர் கலங்கலாக இருந்தால் துகளின் நிழலில் கிருமி தப்பிக்கும். அப்புறம், அரைகுறையாக அடிபட்டது வெயில் பட்டதும் சேதத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். அந்த நீர் போவதோ வெட்டவெளிக் குளத்துக்கு! முன்னால் நல்ல வடிகட்டி இல்லாமல் இந்த விளக்கை வாங்குவது வீண்செலவு.

சவ்வு வடிகட்டிதான் இவற்றில் நம்பகமானது. துளை 0.1 முதல் 0.4 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), ஈ.கோலையின் குறுக்களவே ஏறக்குறைய அரை மைக்ரான். தனியாக மிதக்கும் மரபணுத் துணுக்கு மட்டும் நழுவலாம். மின்செலவையும் ஓயாமல் அடைப்பு எடுக்கும் வேலையையும் தாங்க முடிந்தவர்களுக்குச் சரி.

இடம் இருந்தால் என் ஓட்டு வரிசைக் குளங்களுக்கே, அதாவது கழிவுநீர் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு மெல்ல நகரும் திறந்த குளங்களுக்கே. பகலில் பாசி கரியமில வாயுவை உறிஞ்ச, நீரின் காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 9-ஐத் தாண்டும். வெயில், ஆக்சிஜன், காரத்தன்மை மூன்றும் சேர்ந்து கிருமியைக் கொல்லும். குடற்புழு முட்டைகளும் அடியில் படிந்துவிடும். குளோரினுக்கு அவை அசைந்துகொடுப்பதே இல்லை. ஒரே சிக்கல், அந்தக் காரத்தன்மையில் அமோனியா மீனுக்கு விஷமாகிவிடும். அதனால் அமோனியா குறைந்த பிறகு, கடைசிக் குளத்தில்தான் மீனை விட வேண்டும்.

வயலுக்குச் சில சலுகைகள் உண்டு. சொட்டுநீர் போட்டால் இலை நனையாது. அறுவடைக்குச் சில நாள் முன்பே பாசனத்தை நிறுத்தினால் கிருமி வெயிலில் மடியும். மிச்சத்தைச் சமையல் பார்த்துக்கொள்ளும். உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டி கிருமியைத் தடுக்கும் இந்த வழிகளையும் கணக்கில் சேர்க்கச் சொல்கிறது. மீனுக்கு அந்தச் சலுகை இல்லை, நாள் முழுக்க அந்த நீரிலேயே ஊறுகிறது. சதை பெரும்பாலும் சுத்தம். கிருமி இருப்பது குடலிலும் செவுளிலும். குடலைக் கீறிய கத்தி அடுத்து சதையில் இறங்கும்போது அதுவும் கூடவே இறங்குகிறது. பிடித்த மீனைச் சில நாள் நல்ல தண்ணீரில் விட்டாலும் குடல் முழுசாகத் தெளியும் என்று நம்ப முடியாது. அதனால் குடலெடுக்க ஒரு கத்தி, துண்டுபோட வேறொரு கத்தி.