கரண்ட் போன பிறகும் ஓடிய கொமாண்ட்

2019இல் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு அனெக்ஸுக்கு வந்து சேர்ந்தபோது என் பாஷின் (கொமாண்ட் அடித்துக் கணினியை வேலை வாங்கும் ஷெல்) அமைப்புக் கோப்பு முந்நூறு வரிக்கு மேல் இருந்தது. முக்கால்வாசி, யாரோ எழுதியதை அப்படியே வெட்டி ஒட்டியது. நிறம் நிறமான புரொம்ப்ட், இரண்டெழுத்துச் சுருக்கங்கள் என்று கனக்க. இன்று மிச்சம் 41 வரி. தப்பிப் பிழைத்தவற்றைப் பற்றித்தான் இது.

டிமக்ஸிலிருந்து தொடங்குகிறேன், லைன் அறுந்தாலும் சேர்வரில் வேலையை ஓடவிட்டு வைத்திருக்கும் கருவி அது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு என்று அறிவித்தார்களே, அந்தக் கிழமை. எங்கள் ஒழுங்கை எந்த எழுத்துக் குழுவுக்குள் வருகிறது என்று மின்வெட்டுப் பட்டியலில் பார்த்துத்தான் சோறு வைப்பது, போன் சார்ஜ் போடுவது எல்லாம். அன்று நான் பட்டியலைப் பிழையாக வாசித்துவிட்டேன். வெளிநாட்டுச் சேர்வர் ஒன்றில் ஒரு டேட்டாபேஸ் ஸ்கிரிப்ட்டை எஸ்எஸ்எச் (தூரத்துக் கணினிக்குள் நுழையும் வழி) வழியாக நேரே ஓடவிட்டிருந்தேன். கரண்ட் போனது. லாப்டொப்பில் பற்றரி இருந்தது; ரவுட்டருக்கு ஏது பற்றரி? போனில் ஹொட்ஸ்பொட் போட்டு மறுபடி உள்ளே போய்ப் பார்த்தால், ஒரே டேபிளில் பாதி வரிசைகள் புது வடிவில், பாதி பழைய வடிவில். லைன் அறுந்தால் சேர்வரில் இருக்கும் ஷெல்லுக்கு 'லைன் போய்விட்டது' என்ற ஹேங்கப் சிக்னல் வரும்; அது போகும்போது தன் பிள்ளைகளையும் (தான் தொடங்கிய வேலைகளை) கூட்டிக்கொண்டு போய்விடும். விடியும் வரை மெழுகுதிரி வெளிச்சத்தில் திருத்தினேன்.

அடுத்த நாள் வேலையில் மூத்த அண்ணை கேட்டது ஒரே கேள்வி: "டிமக்ஸுக்குள்ள ஓட விட்டிருக்கலாமே, தம்பி?"

விடலாம்தான். சேர்வருக்குள் போனதும் டிமக்ஸைத் திறந்து வேலையைத் தொடங்கிவிட்டு, கண்ட்ரோல்-பி, பிறகு டி. வெளியே வந்துவிடலாம். திரும்பப் போய் 'டிமக்ஸ் அட்டாச்' என்றால் விட்ட இடத்திலேயே நிற்கும். புதிதாக வருகிறவர்கள் இதைத் தங்கள் லாப்டொப்பில் திறந்துவிட்டு அதற்குள்ளிருந்து எஸ்எஸ்எச் போடுகிறார்கள். அதில் பிரயோசனம் இல்லை, அறுவது நடுவில் இருக்கும் லைன் அல்லவா. சேர்வரே ரீபூட் ஆனால் டிமக்ஸும் போய்விடும், அதையும் நினைவில் வைத்திருங்கள். கண்ட்ரோல்-பி விரலுக்கு எட்டாது என்று பலர் கண்ட்ரோல்-ஏ ஆக மாற்றுவார்கள். நானும் மாற்றினேன். பாஷில் வரியின் தொடக்கத்துக்குப் போவதே கண்ட்ரோல்-ஏ தான், ஆகவே இரண்டு கிழமையில் பழையபடி.

இரண்டாவது, ஹிஸ்டரி, அதாவது அடித்த கொமாண்டுகளின் பட்டியல். பாஷ் தானாக வைத்திருப்பது 500 கொமாண்ட். உபுண்டு அதை 1000 ஆக்கித் தருகிறது. நான் ஒரு லட்சம் வைத்திருக்கிறேன், கோப்பின் எடை ஒரு போட்டோவுக்குக் காணாது. அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று: பாஷ் ஹிஸ்டரியைக் கோப்பில் எழுதுவது ஷெல்லை மூடும்போதுதான். பழைய லாப்டொப்பின் பற்றரி இருபது நிமிஷம் தாங்காது, கரண்ட் போனால் அன்று முழுக்க அடித்த கொமாண்டெல்லாம் அதோடு சரி. புரொம்ப்ட் வரும் ஒவ்வொரு தடவையும் 'ஹிஸ்டரி' கொமாண்டைச் சின்ன 'ஏ' கொடியோடு (கொமாண்டின் பின்னால் போடும் எழுத்து; இது அடித்ததை உடனே கோப்பில் சேர்க்கும்) ஓடச் செய்தேன். அன்றிலிருந்து அந்தக் கவலை இல்லை. அதற்கு மேலே எஃப்இசட்எஃப் என்ற தேடல் கருவி. ஜுனெகன் சோய் 2013இல் தொடங்கியது. கண்ட்ரோல்-ஆர் அடித்து நினைவில் இருக்கும் இரண்டு துண்டை எழுதினால் போதும். மச்சாளின் கலியாண வீடியோவைச் சுருக்க மூன்று வருஷத்துக்கு முன் எழுதிய எஃப்எஃப்எம்பெக் வரியைப் போன மாதம் 'எம்பெக் 720' என்று தேடி எடுத்தேன்.

100ஆம் இலக்க பஸ்ஸில் காலி வீதியால் போகும்போது எஸ்எஸ்எச்சுக்குப் பதிலாக மோஷ் நல்ல உதவி. சிக்னல் போய் வந்தாலும், ஐபி மாறினாலும் அறாது. ஆனால் சேர்வரில் யுடிபி 60000க்கு மேலான போர்ட்டுகள் (இணைப்பு வாசல்கள்) திறந்திருக்க வேண்டும், பல இடத்தில் திறக்க விடமாட்டார்கள். மேலே உருட்டிப் பழைய வரிகளைப் பார்க்கவும் ஏலாது.

கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்கைத் தினமும் பாவிக்கிறேன், பயத்தோடு. மூலக் கோப்புறையின் பெயருக்குப் பின்னால் சாய்கோடு போட்டால் உள்ளே இருப்பவை மட்டும் போகும். போடாவிட்டால் கோப்புறையே போகும். அந்தச் சாய்கோட்டோடு, மூலத்தில் இல்லாததைப் போய்ச் சேரும் இடத்தில் அழிக்கும் 'டிலீட்'டையும் சேர்த்து அடித்து, பேக்கப் டிஸ்க்கில் இருந்த மற்ற எல்லாவற்றையும் ஒருநாள் நானே துடைத்தேன். இப்போது முதலில் சின்ன 'என்' (n) கொடியோடு, எதையும் தொடாத ஒத்திகை. பட்டியலை வாசித்த பிறகுதான் என்டர்.

கடைசியாக ஒன்று, இதற்கு அமைப்பே தேவையில்லை. திரை உறைந்து என்ன அடித்தாலும் அசையாவிட்டால், கை தவறிக் கண்ட்ரோல்-எஸ் பட்டிருக்கும். கண்ட்ரோல்-கியூ அடித்தால் விடும். இது தெரியாமல் இரண்டு வருஷம் விண்டோவை மூடி மூடித் திறந்தேன். போன கிழமை பக்கத்து மேசைத் தங்கச்சி அதே மாதிரி மூடப் போனாள், எட்டிக் கியூவைத் தட்டினேன். "அண்ணா, இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்ல?" என்று கோபித்துக்கொண்டாள்.