ரேடியேட்டர் ஃபேனுக்குத் தனி சுவிட்ச் போடக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

என் கார் கொஞ்சம் பழையது. நெரிசலில் நின்றால் டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டி ஏறும். ரேடியேட்டர் ஃபேன் சில நேரம் ஓடும், சில நேரம் ஓடாது. டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் இருந்தால் நானே போட்டுக்கொள்ளலாமே என்று ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனேன். "தானா ஓடுறது அப்படியே இருக்கணும், தேவைப்பட்டா நானும் போடுற மாதிரி வேணும்" என்று தெளிவாகத்தான் சொன்னேன். "அரை மணி நேர வேலை சார்" என்றார். சொன்னபடி முடித்தும் கொடுத்தார். சுவிட்சைத் தட்டினேன், ஃபேன் ஓடியது. பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

சில நாளில் காருக்குள் பிளாஸ்டிக் கருகும் வாடை. சுவிட்சைத் தொட்டால் விரல் வைக்க முடியாத சூடு. திரும்பப் போய்க் கேட்டதற்கு, "ஃபேன் லோடு இழுக்குதுல்ல, அப்படித்தான் சூடாகும்" என்று அனுப்பிவிட்டார். ஒருநாள் அணைக்க மறந்து வண்டியை விட்டுப் போனேன், மறுநாள் பேட்டரி காலி. சாவியை எடுத்த பிறகும் ஃபேன் ஓடியிருக்கிறது. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அப்புறம் ஒருநாள் தம்பி காரை எடுத்துப் போனான். சுவிட்ச் பற்றி அவனிடம் சொல்லவில்லை. தானாக ஓடும் ஃபேன்தானே, சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தேன். நெரிசலில் முள் சிவப்புக்குப் போய், பானெட்டிலிருந்து ஆவி வந்த பிறகுதான் நிறுத்தியிருக்கிறான். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்காமல் விட்டானே, அந்த மட்டும் நிம்மதி. என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது. ஹெட்டும் வளைந்திருந்ததால் கழற்றி மட்டம் பிடிக்க வேண்டியதாயிற்று.

வேறொரு எலக்ட்ரீஷியன் டேப்பைப் பிரித்துக் காட்டியபோது வயிறு எரிந்தது. சின்னக் கரண்ட்டில் இயங்கி, ஃபேனின் பெரிய கரண்ட்டை இணைத்துவிடும் ரிலேயிலிருந்து ஃபேனுக்குப் போகும் வயரை வெட்டி, முனையில் டேப் சுற்றி விட்டிருக்கிறார். பேட்டரியிலிருந்து ஒரு மெல்லிய வயரை நேராக டேஷ்போர்டு சுவிட்சுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஃபேனுக்குக் கொடுத்திருக்கிறார். நடுவில் ஃபியூஸ் கிடையாது. தகட்டில் ஓட்டை போட்டு வயரை நுழைத்த இடத்தில் ரப்பர் வளையமும் இல்லை. இந்த மாதிரி ஃபேன் 10 முதல் 20 ஆம்பியர் வரை இழுக்கும், கிளம்பும் நொடியில் அதைவிட அதிகம். அவர் போட்ட 6 ஆம்பியர் சுவிட்ச் அதை எப்படித் தாங்கும்? அந்த வயர் தகட்டில் உரசித் தோல் கிழிந்திருந்தால் வண்டியே தீப்பிடித்திருக்கும்.

இதைவிட எனக்கு ஆறாதது வேறு. என்ஜின் சூடானால் தானாக ஓடும் ஏற்பாடே அன்றிலிருந்து என் காரில் இல்லை. நான் கேட்டதற்கு நேர் எதிரான வேலையைச் செய்துவிட்டு, அதை ஒரு வார்த்தை சொல்லக்கூட இல்லை.

இரண்டாவது எலக்ட்ரீஷியன் என்ஜின் சூடானதும் ஃபேனைத் தானாக ஓடவைக்கும் தெர்மோ சுவிட்சைக் கழற்றி, கொதிக்கும் தண்ணீரில் பிடித்து மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தார். 92 டிகிரியில் இணைய வேண்டியது, கடைசிவரை இணையவே இல்லை. அதை மட்டும் மாற்றியிருந்தால் எனக்குத் தனி சுவிட்சே தேவைப்பட்டிருக்காது.

புது தெர்மோ சுவிட்சோடு, நான் ஆசைப்பட்டதையும் அவர் சரியாகப் போட்டுக் கொடுத்தார். என் காரில் தெர்மோ சுவிட்ச் செய்வது, ரிலேயை இழுக்கவைக்கும் காயிலுக்கு எர்த் (பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பு) கொடுப்பது மட்டுமே. டேஷ்போர்டு சுவிட்சையும் அதே வயரில், தெர்மோ சுவிட்சுக்குப் பக்கவாட்டில் சேர்த்தார். இரண்டில் எது எர்த் கொடுத்தாலும் ரிலே இழுக்கும், ஃபேன் ஓடும். சுவிட்ச் வழியாகப் போவது காயில் கரண்ட் மட்டும், அது கால் ஆம்பியர்கூட வராது. ஃபேனின் முழு லோடு பழையபடி தடித்த வயர், ஃபியூஸ், ரிலே வழியாகவே போகிறது. காயிலுக்கு இக்னிஷன் சப்ளை என்பதால் சாவியை எடுத்தால் எல்லாம் நின்றுவிடும். ஈசியூ என்ற என்ஜின் கம்ப்யூட்டரே ஃபேனை இயக்கும் புதிய வண்டிகளில் இதை அப்படியே செய்யாதீர்கள், அந்த மாடலின் வயரிங் வரைபடம் கையில் இல்லாதவரை வயரைத் தொடவே விடாதீர்கள்.

முதல் கடைக்காரரிடம் போய் நின்றேன். "சுவிட்ச் கேட்டது நீங்கதானே?" என்றார். பில்லும் இல்லை, என்ன வேலை செய்தார் என்று எழுதி வாங்கவும் இல்லை. அதனால் மேலே பேச என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

ஏற்கெனவே இப்படி சுவிட்ச் போட்டு ஓட்டுகிறீர்கள் என்றால் இன்றே பாருங்கள். சுவிட்சையும் ஏசியையும் அணைத்துவிட்டு, வண்டியை நிறுத்திய இடத்திலேயே என்ஜினை ஓடவிடுங்கள். முள்ளிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள், ஃபேன் பக்கம் கை வைக்காதீர்கள். வழக்கமான இடத்தைத் தாண்டி முள் ஏறியும் ஃபேன் தானாகக் கிளம்பவில்லை என்றால் உடனே என்ஜினை நிறுத்துங்கள். பழுது தெர்மோ சுவிட்சிலோ வேறெங்கோகூட இருக்கலாம், ஆனால் ரிலேயிலிருந்து ஃபேனுக்குப் போகும் வயர் வெட்டப்பட்டிருக்கிறதா என்பதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை வண்டியை யாருக்கும் ஓட்டக் கொடுக்காதீர்கள்.