கையில் ஒட்டும் சுகர் சென்சார்: ஒரு வருடம் கழித்து

முதலில் அலாரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

ராத்திரி இரண்டு மணிக்கோ மூன்று மணிக்கோ இந்த சென்சார் அலறும். போனைப் பார்த்தால் சர்க்கரை தாழ்ந்துவிட்டது என்று சிவப்பில் 54. பழைய வண்ணாரப்பேட்டையில் எங்களுடையது ஒண்டுக்குடித்தனம். நான், கணவர், மகன், மாமியார் எல்லோருக்கும் படுக்கை ஒரே அறையில்தான். மாமியார் பதறி எழுந்து லைட்டைப் போடுவார், கணவர் குளுக்கோஸ் டப்பாவைத் தேடுவார், நான் விரலைக் குத்திப் பார்ப்பேன். மீட்டரில் 98 இருக்கும். காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் பிடிக்க எழ வேண்டியவர்களை எல்லாம் எழுப்பிவிட்டு, ஒன்றுமில்லை படுங்கள் என்று சொல்ல வேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது இது நடக்கிறது.

காரணம், நான் இடது கை மேல் ஒருக்களித்துப் படுத்திருப்பேன். சென்சார் ரத்தத்தை அளப்பதில்லை. தோலுக்கு அடியில் செல்களுக்கு நடுவே இருக்கும் நீரில்தான் சர்க்கரையை அளக்கிறது. அதன் மேல் உடம்பின் பாரம் விழுந்தால் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் குறையும், அளவும் அங்கே மட்டும் குறைவாகத் தெரியும். புரண்டு படுத்தால் கொஞ்ச நேரத்தில் தானாக ஏறிவிடும். மறுநாள் கிராஃபில் பார்த்தால் அந்த இடம் மட்டும் கிணறு வெட்டியது போல நேராக இறங்கி நேராக ஏறியிருக்கும். இது மருத்துவர்களுக்கும் தயாரிப்பவர்களுக்கும் நன்றாகத் தெரிந்த விஷயம். "அந்தப் பக்கம் படுக்காதீங்க" என்பதுதான் அவர்கள் சொல்லும் வழி. பகல் முழுக்கத் தையல் மிஷினில் குனிந்திருப்பவளுக்கு ராத்திரி வலது தோள்பட்டை குத்தும், இடது பக்கம் படுத்தால்தான் தூக்கம் வரும். சென்சாரை வலது கையில் ஒட்டினால் துணியை இழுக்கும்போதெல்லாம் உரசுகிறது. வயிற்றில் ஒட்டலாமா என்றால், என்னுடைய வகைக்கு மேல்கையின் பின்பக்கம் மட்டும்தான். 55-க்குக் கீழே அடிக்கும் அலாரத்தை அணைக்கவும் என்னுடையதில் வழியில்லை.

இவ்வளவு கோபம் இருந்தும் ஏன் ஒட்டிக்கொண்டிருக்கிறேன் என்றால், பகலில் இது செய்கிற வேலைக்காகத்தான்.

எனக்குச் சர்க்கரை என்று தெரிந்தபோது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.8. மெட்ஃபார்மின் 500 காலையும் இரவும், அவ்வளவுதான் மருந்து. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை தாழ்வது அபூர்வம். எனக்குத் தாழ்ந்தது. காலை பதினொரு மணி வாக்கில், பிளவுஸுக்கு லைனிங் வைத்துக்கொண்டிருக்கும்போது, ஊசியில் நூல் ஏறாது. கண் ஊசியைப் பார்க்கும், கை வேறு எங்கோ போகும். நெஞ்சு படபடக்கும். வேர்வையை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் மே மாதத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே யாருக்குத்தான் வேர்க்காது? பழகப் பழகத்தான் வித்தியாசம் தெரிந்தது. வெயில் வேர்வை கசகசவென்று இருக்கும். இது பிடரியிலும் மேலுதட்டிலும் சில்லென்று வரும், மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தாலும் நிற்காது. அந்த நேரத்தில் குத்திப் பார்த்தால் 61, 64, ஒரு முறை 57.

70-க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. 54-க்குக் கீழே போனால் உடனே கவனிக்க வேண்டிய கட்டம். மாத்திரை காரணமில்லை என்றால் வேறு எது? ரத்தத்தில் இன்சுலின், அதோடு சேர்ந்து சுரக்கும் சி-பெப்டைடு, கார்டிசால் ஹார்மோன், தைராய்டு, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் எல்லாம் பார்த்தார்கள். எல்லாம் சரியாகவே இருந்தது. எல்லாம் சரி என்ற பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு நடுங்குவது எவ்வளவு பெரிய கொடுமை என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும். "டென்ஷனா இருக்கும்மா, நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்று சொன்ன டாக்டரும் உண்டு. அடுத்துப் பார்த்தவர்தான் இரண்டு வாரம் சென்சார் போட்டுப் பார்ப்போம் என்றார்.

அதில் எனக்குப் பிடித்தது எண் இல்லை, எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அம்புக்குறி. மீட்டர் 110 என்று காட்டினால், நன்றாகத்தானே இருக்கிறது என்று வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். சென்சாரிலும் அதே 110தான். ஆனால் பக்கத்தில் அம்பு நேராகக் கீழே பார்க்கும். இன்னும் இருபது நிமிடத்தில் 70-க்குக் கீழே போகப்போகிறது என்று அர்த்தம். அந்த இருபது நிமிடம் எனக்கு முன்பு கிடைத்ததே இல்லை. இப்போது மிஷினை நிறுத்திவிட்டு ஒரு கை சுண்டலோ கடலையோ வாயில் போட்டுக்கொள்கிறேன், பாதி நாட்களில் சர்க்கரை அந்த எல்லையைத் தொடாமலே நின்றுவிடுகிறது.

கிராஃப் இன்னொரு விஷயத்தையும் காட்டிக்கொடுத்தது. காலை ஏழரைக்கு நாலு இட்லி, கூடவே சர்க்கரை போட்ட காபி. எட்டரைக்கெல்லாம் 210 வரை ஏறும். பத்தரையிலிருந்து வேகமாக இறங்கும். சர்க்கரை நோயின் ஆரம்பத்தில் சிலருக்கு இப்படி ஆகும் என்று டாக்டர் விளக்கினார். சாப்பிட்டவுடன் சுரக்க வேண்டிய இன்சுலின் தாமதமாக வருகிறது, வரும்போது தேவைக்கு மேல் வருகிறது, அதற்குள் இட்லி செரித்துப் போயிருக்கிறது. சாப்பிட்ட சில மணி நேரத்துக்குள் இறங்குவது இதன் அடையாளம். கடற்கரை ஸ்டேஷன் பக்கம் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் சாப்பிட்ட ஒரு சாயங்காலம் கிராஃப் இதைவிட மோசமாக ஏறி இறங்கியது. இப்போது இரண்டு இட்லியோடு இரண்டு முட்டை, இல்லையென்றால் முந்தின நாள் காசிமேட்டு நெத்திலி வறுவல் மிச்சமிருந்தால் அது. காபியில் சர்க்கரை இல்லை. ஏற்றம் 150-க்குள் நிற்கிறது, பதினொரு மணி நடுக்கம் மாதத்தில் எப்போதாவதுதான். சென்சார் இல்லாமல் இதை நானாகக் கண்டுபிடித்திருக்க முடியாது. இதை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

ஆனால் எல்லாம் விளங்கிவிடவில்லை. ராத்திரி அலாரங்களில் பெரும்பாலானவை கை அழுத்தியதால் வந்தவை. ஒன்றிரண்டு அப்படி இல்லை, விரலில் குத்தியும் 62 காட்டியது. அன்றைக்கு இரவு சாப்பாடும் சரியாகத்தான் இருந்தது. அதற்கு இதுவரை யாரும் காரணம் சொல்லவில்லை. அதனால்தான் பொய் அலாரம் இவ்வளவு கோபத்தைக் கிளப்புகிறது. நிஜமாக அடிக்கும் நாளும் அதே சத்தத்தில்தான் அடிக்கிறது.

வேறு குறைகள். ஒட்டிய முதல் நாள் காட்டும் எண்ணை நம்பக்கூடாது. பசை நம் ஊர் வேர்வைக்கு நிற்காது, மேலே தனியாக டேப் ஒட்ட வேண்டும், டேப்பை உரித்தால் தோல் சிவக்கும். வைட்டமின் சி மாத்திரை அதிகம் எடுத்தால் சில வகைகளில் அளவு கூடுதலாகக் காட்டும். இதைவிட முக்கியமானது, ரத்தத்தில் நடப்பது சென்சாரில் தெரியப் பத்து நிமிடம்போல ஆகும். சர்க்கரை தாழ்ந்து குளுக்கோஸ் குடித்த பிறகும் போனில் எண் இறங்கிக்கொண்டே இருக்கும். பயந்து இன்னும் இரண்டு டம்ளர் குடித்தால் ஒரு மணி நேரத்தில் 250. குளுக்கோஸ் பவுடர் மூன்று தேக்கரண்டி, அதாவது சுமார் 15 கிராம், பிறகு 15 நிமிடம் காத்திருந்து விரலில் குத்திப் பார்ப்பது. இந்தக் கணக்கைச் சென்சார் வந்தாலும் மாற்றக்கூடாது.

இதை எழுத உட்கார்ந்ததே என் சித்தி மகளுக்காகத்தான். திருவொற்றியூரில் இருக்கிறாள். சென்சார் விலை இறங்கியிருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். "அக்கா, அம்மா நல்லா பேசிக்கிட்டே இருக்குது, திடீர்னு சம்பந்தமில்லாம பேசுது, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுக் கோவப்படுது. சர்க்கரைத் தண்ணி குடுத்தா அரை மணி நேரமாகுது தெளியறதுக்கு. ஒண்ணு வாங்கி ஒட்டிடலாமா?" என்று கேட்டாள்.

மாத்திரை அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். மூன்று மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை: கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வோக்ளிபோஸ். கிளிமிபிரைடு, நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்க்காது, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். சித்தியோ வெள்ளிக்கிழமை தவறாமல் வடிவுடையம்மனுக்கு ஒருபொழுது இருப்பவர். சாப்பாட்டை விடுவார், மாத்திரையை விடமாட்டார். வயதானவர்களுக்குச் சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருந்தால் இந்த மருந்தின் வேகம் இன்னும் நீளும், சர்க்கரை ஒரு தடவை சரியாகி மறுபடி இறங்கும். அப்புறம் வோக்ளிபோஸ். சாதாரணச் சர்க்கரையைக் குடல் உடைத்துக் குளுக்கோஸாக்கும் வேலையை அது தாமதப்படுத்தும். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தும் தெளிய அரை மணி நேரம் ஆகிறது என்றால் அதனால் இருக்கலாம். இந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் குளுக்கோஸ் பவுடர்தான் கொடுக்க வேண்டும், வாய்க்குள் போனதும் அதை உடைக்க வேண்டிய தேவையே இல்லை. அதுவும் நினைவு இருந்து விழுங்க முடிந்தால் மட்டும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, ஆட்டோவோ 108-ஓ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பிரஷருக்கு அட்டனோலாலும் சாப்பிடுகிறார், அது படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும். முன்னறிவிப்பில்லாமல் நேராகப் பேச்சு குழறுவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

ஆகவே அவளுக்கு என் பதில், வாங்காதே. அந்தப் பணத்தில் பாதிக்கும் குறைவாக ஒரு நல்ல மீட்டரும் ஸ்ட்ரிப்பும் வரும். ஸ்ட்ரிப் டப்பாவை உடனே உடனே மூடி வை, நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் கெட்டுவிடும். குத்துவதற்கு முன்னால் சித்தி கையைக் கழுவித் துடைக்கட்டும். வெள்ளிக்கிழமைக்குள் மாத்திரை அட்டையோடு டாக்டரிடம் போ, விரதம் இருப்பதைச் சொல், மாத்திரையை நீயாக நிறுத்தாதே, குறைக்காதே. மருந்தை மாற்றிய பிறகும் இறங்கினால், அப்போது இரண்டு வாரத்துக்கு ஒன்று ஒட்டிப் பார்க்கலாம்.

சித்தியின் மாத்திரையை வைத்துப் பார்த்தால் சென்சார் என்னைவிட அவருக்குத்தான் அவசியம் என்று டாக்டரே சொன்னாலும் சொல்வார். நியாயமாகப் பார்த்தால் நானும் அதைத்தான் சொல்ல வேண்டும், என் பகலைத் திருப்பித் தந்தது அதுதான். ஆனால் நேற்று ராத்திரியும் மூன்று மணிக்கு மாமியார் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், மீட்டரில் 101. இன்றைக்கு என்னால் யாருக்கும் இதை வாங்கு என்று சொல்ல முடியாது. திடீரென்று நேராக இறங்கினால் ஐந்து பத்து நிமிடம் பொறு, முதலில் மெதுவாக ஒரு தடவை அதிரு, புரண்டு படுத்தும் ஏறாவிட்டால் அப்புறம் அலறு என்று ஒரு வசதியை இந்தப் போனுக்குள் வைக்கட்டும். அன்றைக்கு நானே மெட்ரோ ஏறித் திருவொற்றியூர் போய் சித்தி கையில் ஒட்டிவிட்டு வருகிறேன்.