ஃபிலிமை ஸ்கேன் செய்வதா, டிஜிட்டலிலேயே எடுப்பதா?

ஏழு வருடம் ஒரு தோளில் 35 மி.மீ. ஃபிலிம் கேமரா, இன்னொரு தோளில் ஃபுல் ஃப்ரேம் டிஜிட்டல் என்று இரண்டையும் சுமந்து திரிந்துவிட்டு, போன வருடம் ஃபிலிம் கேமராவை அலமாரியில் வைத்துவிட்டேன். படத்தின் தரம் மட்டும்தான் கேள்வி என்றால் என் ஓட்டு டிஜிட்டலுக்குத்தான்.

வெளிச்சம் குறைந்த இடத்தில் போட்டியே இல்லை. ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் திறனின் அளவு) 3200-ல் இன்றைய சென்சார் தருகிற சுத்தம் ஐஎஸ்ஓ 800 ஃபிலிமில்கூடக் கிடைக்காது. கிரெய்ன், அதாவது ஃபிலிமில் தெரியும் பொடிப்பொடிப் புள்ளிகள், அழகா இல்லையா என்பது அவரவர் ரசனை, அதற்குள் போகவில்லை.

என்னை முடிவெடுக்க வைத்தது ஸ்கேன். ஃபிலிமில் எடுத்த படம் என்று திரையில் நாம் பார்ப்பது, அந்த நெகட்டிவிலிருந்து ஸ்கேனரால் எவ்வளவு எடுக்க முடிந்ததோ அவ்வளவுதான். கணக்குப்படி 36×24 மி.மீ. நெகட்டிவை 4000 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 4000 புள்ளி) ஸ்கேன் செய்தால் சுமார் 21 மெகாபிக்சல் வரும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் 400 ஃபிலிமை அந்த அளவில் திறந்து கண் இமைப் பக்கம் பெரிதாக்கினால், தனித்தனி முடி தெரிய வேண்டிய இடத்தில் கிரெய்ன்தான் தெரிகிறது. 24 மெகாபிக்சல் டிஜிட்டலில் முடியை எண்ணலாம். அதுவும் நல்ல ஃபிலிம் ஸ்கேனர் இருந்தால்தான் இந்தக் கணக்கே. வீட்டில் தாள் ஸ்கேன் செய்கிற ஃப்ளாட்பெட் ஸ்கேனரின் பெட்டிமேல் 6400 டிபிஐ என்று போட்டிருக்கும், அது உண்மையில் பிரித்துக் காட்டுவது அதில் பாதிகூடத் தேறாது.

அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து படிக்கிற படம் ஒன்று, போர்ட்ரா 400 என்ற கலர் நெகட்டிவ் ஃபிலிமில் எடுத்தது. லேபில் கொடுத்த ஸ்கேனில் ஜன்னல் வெறும் வெள்ளை. அவ்வளவுதான் என்று இரண்டு வருடம் விட்டுவிட்டேன். அப்புறம் ஒருநாள் லைட் பேனல் மேல் அதே நெகட்டிவை வைத்து, டிஜிட்டல் கேமராவில் மேக்ரோ லென்ஸ் மாட்டி நானே எடுத்துப் பார்த்தால், திரைச்சீலையின் மடிப்பு, அதற்குப் பின்னால் கம்பி, கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு கிளை, எல்லாமே இருந்தது. அதிக வெளிச்சத்தை நெகட்டிவ் ஃபிலிம் தாங்குகிற மாதிரி டிஜிட்டல் தாங்காது, இதை மனதார ஒத்துக்கொள்கிறேன். டிஜிட்டலில் ஹைலைட் (படத்தின் மிக வெளிச்சமான பகுதி) ஒருமுறை போனால் போனதுதான், அதனால் நான் கொஞ்சம் குறைத்து எடுத்து நிழலை அப்புறம் தூக்கிக்கொள்கிறேன்.

ஆனால் அந்த ஒரு படத்துக்கே ஒரு மாலை முழுக்கப் போயிற்று. கலர் நெகட்டிவில் இருக்கும் ஆரஞ்சுச் சாயத்தைக் கழித்து நிறத்தைத் திருப்ப வேண்டும், ஒரே ரோலில் அடுத்தடுத்த இரண்டு படத்தில் தோலின் நிறம் வேறுவேறாக வந்து நிற்கும். தூசு தனிக் கதை. கலர் ஃபிலிமில் அகச்சிவப்பு ஒளியால் தூசைக் கண்டுபிடித்து நீக்கும் ஸ்கேனர்கள் உண்டு. சாதாரணக் கறுப்பு வெள்ளையில் அது எடுபடாது, படத்தில் இருக்கும் வெள்ளியே அந்த ஒளியை மறித்துவிடும். ஆகவே ஒவ்வொரு புள்ளியாகக் கையால்தான் அழிக்க வேண்டும். 36 படம் உள்ள ரோலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும், எனக்கு அது கட்டுப்படியாகவில்லை.

35 மி.மீ.-ஐவிடப் பெரிய ஃபிலிமான மீடியம் ஃபார்மட்டில் இவ்வளவு அடித்துச் சொல்ல மாட்டேன். நான் எடுத்தது நாலே ரோல். 6×6 செ.மீ. நெகட்டிவின் பரப்பு 35 மி.மீ.-ஐப் போல மூன்றரை மடங்குக்கும் மேல், அதனால் சாதாரண ஃப்ளாட்பெட்டிலேயே ஆச்சரியப்படுகிற அளவுக்குத் தெளிவாக வந்தது. ஃபிலிமை உருளையில் சுற்றி எடுக்கும் டிரம் ஸ்கேன் நான் செய்து பார்த்ததில்லை.

ஃபிலிமுக்குத்தான் போவேன் என்பவர்கள், கேமராவைத் தேடும் முன் யாரிடமாவது ஒரு நெகட்டிவ் வாங்கி, இரண்டு இடத்தில் ஸ்கேன் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லென்ஸுக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியை ஸ்கேனுக்கு மாற்றிவிடுவீர்கள்.