படகில் வைத்து நீவாடு (நீரோட்டம்) அளக்கக் கொடுக்கிறீர்களா? பிட்ச், ரோல் நெடுவரிசையைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

தேங்காப்பட்டணம் பொழிமுகத்திலிருந்து (ஆறு கடலில் சேரும் வாய்) பூவார் வரைக்கும் தூண்டில் வளைவு (கடலுக்குள் போடும் கல்தடுப்பு) வேலை, மணல் அடைப்பு ஆய்வு என்று ஏதாவது நடந்துகொண்டே இருக்கிறது. ஏ.டி.சி.பி. என்ற ஒலியலைக் கருவியை ஃபைபர் வள்ளத்தில் கட்டி நீரோட்டம் அளந்து தரும் ஆட்களும் பெருகிவிட்டார்கள். அப்படி ஒரு குழு முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு கொடுத்த கோப்பில் பிட்ச் (முன்பின் சாய்வு), ரோல் (பக்கச் சாய்வு) இரண்டும் மேலிருந்து கீழ்வரை 0.00. அலையடிக்கிற பொழிமுகத்தில் வள்ளம் ஒரு டிகிரிகூட அசையவில்லையாம்! கேட்டால், "அதெல்லாம் சாஃப்ட்வேர் பாத்துக்கும் சாரே" என்று பதில். சாய்வுக்குக் கையால் 0 என்று எழுதிக் கொடுத்த பிறகு சாஃப்ட்வேர் எதைப் பார்க்கும்?

சாய்வு என்ன செய்யும் என்று தெரிந்தால்தான் ஏமாற்றின் அளவு புரியும். இந்தக் கருவிகளில் பெரும்பாலும் நான்கு பீம் (ஒலிக்கற்றை), செங்குத்திலிருந்து 20 டிகிரி விலகி நாலு பக்கமும் போகும். எஞ்சினும் ஆட்களும் அமரத்தில் (பின்பக்கம்), அணியம் (முன்பக்கம்) 6 டிகிரி தூக்கிக்கொண்டு ஓடுகிறது என்று வையுங்கள். முன் பீம் 26 டிகிரியில், பின் பீம் 14 டிகிரியில் நிற்கும். 8 மீட்டர் ஆழத்துச் செல் (கருவி தண்ணீரைப் பிரித்து அளக்கும் அடுக்கு) என்று கருவி நினைப்பதை முன் பீம் 7.65 மீட்டரிலும் பின் பீம் 8.26 மீட்டரிலும் அளக்கும். 61 சென்டிமீட்டர் வித்தியாசம். அரை மீட்டர் செல் வைத்திருந்தால் இரண்டும் வேறு வேறு செல். மேலே ஆற்றுத் தண்ணீர் வெளியே ஓட, கீழே கடல்நீர் உள்ளே ஏறும் பொழிமுகத்தில் இது வெளியோட்டத்தையும் உள்ளோட்டத்தையும் கலந்து ஒரு புது நீவாட்டைக் கற்பனை செய்துவிடும். செல்களை ஆழப்படி திரும்ப அடுக்கும் 'பின் மேப்பிங்' (bin mapping) இதற்காகத்தான். சாய்வு எண் இல்லாமல் அதைச் செய்ய முடியாது.

கிடைவேகத்தில் 6 டிகிரியால் வரும் பிழை அரை சதவீதம்தான். அதைக் காட்டித்தான் "சாய்வெல்லாம் சும்மா" என்பார்கள். செங்குத்து வேகத்தைக் கேளுங்கள். வள்ளத்தின் வேகத்தை ஜி.பி.எஸ்.ஸிலிருந்து எடுத்துக் கழித்தால், நீரைப் பொறுத்து 2 மீ/வி ஓடும் வள்ளத்தில் 21 செ.மீ/வி பொய்யான செங்குத்து ஓட்டம் வரும். பாட்டம் டிராக்கில் (வள்ளத்தின் வேகத்தைத் தரையின் எதிரொலியிலிருந்து எடுக்கும் முறை) நீரும் தரையும் ஒரே சாய்வில் அளக்கப்படுவதால் பெரும்பகுதி கழிந்துபோகும். அரை மீ/வி ஓட்டத்துக்கு 5 செ.மீ/வி மிஞ்சும். வண்டல் கணக்குப் போடுகிறவருக்கு அதுவே அதிகம். தரையை ஒட்டிய பகுதியும் போச்சு: 20 டிகிரியில் பக்கவாட்டு எதிரொலியால் கீழே 6 சதவீதம் கெடும், 26 டிகிரியில் 10 சதவீதம். 8 மீட்டரில் அது 48 செ.மீ.யிலிருந்து 81 செ.மீ. ஆகிறது.

இரண்டாவது தந்திரம் சராசரி. வள்ளம் இந்தப் பக்கம் 8, அந்தப் பக்கம் 8 டிகிரி ஆடினால் ஒரு நிமிடச் சராசரி ரோல் கிட்டத்தட்ட 0. சராசரி எடுத்த பிறகு சாய்வைத் திருத்தினால் ஒன்றும் திருந்தாது. ஒவ்வொரு பிங்குக்கும் (ஒலித்துடிப்பு) அந்த நொடியின் சாய்வைப் போட்டுத்தான் சராசரிக்கு வரவேண்டும். அதனால் பீம் ஆயத்தில், அதாவது ஒவ்வொரு பீமும் அளந்தபடியே, பதிந்த மூலக் கோப்பு வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே எழுதி வாங்குங்கள். டெலிடைன் ஆர்.டி.ஐ. கருவி என்றால், எந்த ஆயத்தில் பதிவது என்று சொல்லும் ஈ.எக்ஸ். (EX) கட்டளையின் முதல் இரண்டு இலக்கம் 00 ஆக இருக்கவேண்டும். 11 என்றால் பூமித் திசைக்கு மாற்றித்தான் பதிந்திருக்கிறது. எக்செல் மட்டும் கொடுத்தால் வாங்காதீர்கள்.

"எரர் வெலாசிட்டி குறைவாக இருக்கு பாருங்க" என்று ஒரு படம் காட்டுவார்கள். அது இரண்டு ஜோடி பீம்கள் தரும் செங்குத்து வேகங்களின் வித்தியாசம். எல்லாப் பீமும் ஒரே மாதிரி நீரைப் பார்க்கும்வரை கருவி எவ்வளவு சாய்ந்தாலும் அது குறைவாகவே இருக்கும். சாய்வுக்குச் சாட்சி அதுவல்ல.

சென்சார் வேலை செய்கிறதா என்று கரையிலேயே பார்த்துவிடலாம். ஒரு மீட்டர் பலகையை ரசமட்டம் வைத்துச் சமமாக்கி, கருவியை அதில் கட்டி, ஒரு முனையை 17.4 செ.மீ. தூக்குங்கள். 10 டிகிரி காட்டவேண்டும். மறுமுனையைத் தூக்கினால் குறி மாறவேண்டும். பிறகு வள்ளத்தில் எல்லாரையும் அவரவர் இடத்தில் உட்காரவைத்து சராசரி பிட்ச் பாருங்கள். 2, 3 டிகிரிக்கு மேல் போனால் டீசல் கேனை அணியத்துக்கு நகர்த்தினாலே பாதி சரியாகும். திரும்பும்போது எடுத்த தரவை வெட்டிவிடுங்கள்: 2 மீ/வி வேகத்தில் 8 மீட்டர் ஆரத்தில் திரும்பினால், திரவ வகைச் சாய்வு சென்சார் ஏறக்குறைய 3 டிகிரி பொய் சொல்லும். ஜைரோ உள்ள சென்சாருக்கு இந்தத் தொல்லை குறைவு.

கருவிக்கும் சென்சாருக்கும் இடையில் நிரந்தரக் கோணல் இருந்தால் அதையும் பிடிக்கலாம். நேர்கோட்டில் 1 மீ/வி, பிறகு 2 மீ/வி ஓட்டி, பாட்டம் டிராக்கின் சராசரி செங்குத்து வேகத்தைப் பாருங்கள். தரை மேலெழும்புவதில்லை, அலை ஏற்றஇறக்கமும் சராசரியில் போய்விடும், ஆக 0 வரவேண்டும். 2 மீ/வியில் 7 செ.மீ/வி வந்து, வேகத்தோடு கூடினால் பிட்ச்சில் சுமார் 2 டிகிரி கோணல்.

கருவியின் அமைப்பில் உப்பு 0 என்று விட்டிருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். கருவி முகப்பில் கடல்நீர் நிற்கையில் அது வேகத்தைச் சுமார் 2.5 சதவீதம் குறைத்துக் காட்டும். கிடைவேகத்தில் இது சாய்வைவிடப் பெரிய பிழை; ஆனால் பின்னால் திருத்திவிடலாம்.

ஏற்கெனவே ஏமாந்து தரவை வாங்கிவிட்டவர்களுக்கு: பீம் கோப்பும் உண்மையான பிட்ச், ரோலும் இருந்தால் மறுபடி கணக்கிட்டு, தரையை ஒட்டிக் கெட்ட பகுதி தவிர மற்றதை மீட்கலாம். சாய்வே பதியப்படவில்லை, ஆனால் பாட்டம் டிராக் இருக்கிறது என்றால், மேலும் கீழும் ஓட்டம் அதிகம் மாறாத இடங்களில் ஆழச் சராசரிக் கிடைவேகத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். செங்குத்து வேகம், தரையோட்டம், அடுக்கு வாரியான வேகம் மூன்றையும் அறிக்கையிலிருந்து எடுத்துவிடுங்கள், அந்த அளவுக்கான கட்டணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.