வார்டு கட்டிலில் வைத்து வக்காலத்தில் கையெழுத்து கேட்டால் போடாதீர்கள்

என் அண்ணனுக்கு நடந்ததை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், ஆனால் உங்கள் வீட்டில் யாராவது விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள் என்றால் தயவுசெய்து கடைசி வரை படித்துவிடுங்கள்.

2023 ஆகஸ்டில், வேலை முடிந்து டூவீலரில் திரும்பிய அண்ணனை உளுந்தூர்பேட்டை பக்கம் ஒரு கார் பின்னாலிருந்து இடித்துத் தள்ளிவிட்டது. வலது முழங்காலில் மூட்டோடு சேர்ந்து எலும்பு உடைந்து, பிளேட் வைத்து ஸ்குரூ போட்டார்கள். அண்ணனுக்கு அப்போது 34 வயது, டைல்ஸ் ஒட்டும் மேஸ்திரி, மாதம் 18,000 ரூபாய்க்குக் குறையாமல் கொண்டுவருவார்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் வார்டுக்கு ஒருத்தர் வந்தார். ஒரு கையில் ஹார்லிக்ஸ் பாட்டில், சாத்துக்குடிப் பை, இன்னொரு கையில் ஃபைல். "வக்கீல் ஆபீஸ்ல இருந்து வர்றேன் தம்பி. நீங்க ஒத்த ரூபா எடுக்க வேணாம், கேஸ் முடிஞ்சு பணம் வந்தா பாத்துக்கலாம்" என்றார். எங்களுக்கே இன்னும் கிடைக்காத எஃப்.ஐ.ஆர். நகல் அவர் ஃபைலில் இருந்தது. இவ்வளவு விவரமாக இருக்கிறாரே என்று நம்பினேனே தவிர, இவருக்கு யார் கொடுத்தது என்று கேட்கத் தோன்றவில்லை. அண்ணனுக்கு இடது கையில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது, அட்டையை நான்தான் பிடித்துக்கொண்டேன், வக்காலத்திலும் (நமக்காக வழக்கு நடத்த வக்கீலுக்கு அதிகாரம் கொடுக்கும் தாள்) எதுவும் எழுதாத நாலு தாளிலும் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்த பிறகு, "கோர்ட் பணம் நேரா உங்க அக்கவுண்டுக்குத்தான் வரும்" என்று சொல்லி, புது பேங்க் கணக்கு ஆரம்பித்து, இரண்டு வெற்று செக்கிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அந்த வக்கீலின் முகத்தை நாங்கள் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

2024 டிசம்பரில் போன். நாளைக்குக் கோர்ட்டுக்கு வரணும், கையெழுத்து மட்டும்தான் என்றார்கள். போனோம். அன்று மக்கள் நீதிமன்றம், அதாவது இரண்டு தரப்பும் சமரசமாகப் பேசி வழக்கை முடித்துக்கொள்ளும் இடம். கூட்டத்தில் நின்றபடியே அண்ணன் கையெழுத்துப் போட்டார், 3,60,000 ரூபாய்க்கு வழக்கு முடிந்தது. பணம் கணக்கில் ஏறிய மூன்றாம் நாள் அதிலிருந்து 1,40,000 ரூபாய் செக் மூலமாகப் போய்விட்டது. கேட்டால், "டாக்டர் செலவு, ஆபீஸ் செலவு இருக்கு தம்பி, எல்லாம் பேசினபடிதான்" என்கிறார். யார் பேசினார்கள்? ரசீது கேட்டதும் போனை வைத்துவிட்டார்.

இந்த 1,40,000 ரூபாய்தான் நஷ்டம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இருந்த ஒரு வக்கீல் அம்மா, வழக்குக் கட்டின் நகலை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னதுதான் தூக்கத்தைக் கெடுத்தது. இழப்பீடு கேட்டுப் போட்ட மனுவில் அண்ணனின் தொழில் "கூலி" என்றும் மாத வருமானம் 9,000 என்றும் எழுதியிருந்தது. டைல்ஸ் ஒட்டுபவர் என்று ஒரு வரி இல்லை. அண்ணனின் முழங்கால் இப்போது பாதிதான் மடங்குகிறது. டைல்ஸ் வேலையே குத்துக்கால் போட்டு உட்கார்ந்து செய்வது, தரையில் குனிந்து ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு கல்லாகத் தட்டி உட்கார வைக்க வேண்டும். முக்காலி போட்டுக்கூட முயன்று பார்த்தார், அரை மணி நேரத்தில் கால் வீங்கிவிட்டது.

இது எதுவும் நீதிபதி முன்னால் போகவே இல்லை. எத்தனை சதவீத ஊனம் என்று டாக்டர் எழுதுவது மட்டும் கணக்கில்லை, அந்த ஊனத்தால் அவரவர் தொழிலில் வருமானம் எவ்வளவு குறைகிறது என்று பார்க்க வேண்டும் என 2010லேயே ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த அம்மா ஒரு தாளில் போட்டுக் காட்டினார். மாதம் 18,000, சொந்தத் தொழில், 40 வயதுக்குக் கீழே என்பதால் எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 25,200. வருடத்துக்கு 3,02,400. சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போனது என்று குறைத்து வைத்தாலும் 90,720. வருட இழப்பை வயதைப் பொறுத்து ஒரு எண்ணால் பெருக்குவார்கள், 34 வயதுக்கு அது 16. மொத்தம் 14,51,520 ரூபாய். வைத்தியச் செலவு, வலி வேதனை, கூட இருந்து பார்த்துக்கொண்டவர் செலவு எல்லாம் இதற்கு மேல். முழுதாகக் கிடைத்திருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது, ஆனால் கேட்கவே இல்லையே! சாட்சி, டாக்டர், விசாரணை என்று இழுத்து நடத்துவதைவிட, சீக்கிரம் முடித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவதுதான் அவர்களுக்கு லாபம். மக்கள் நீதிமன்றத்தில் முடிந்ததற்கு அப்பீலும் கிடையாது. மோசடி நடந்தது என்று காட்டி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட வேண்டும், அது லேசான காரியம் இல்லை. மக்கள் நீதிமன்றத்தை நான் குறை சொல்லவில்லை, என்ன தொகை, ஏன் இந்தத் தொகை என்று தெரிந்துகொண்டு சம்மதித்தால் அது நல்ல வழிதான்.

விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனுப் போட வேண்டும் என்ற விதி 2022 ஏப்ரல் முதல் இருக்கிறது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போயிருக்கிறது, அதை நம்பி நாளைக் கடத்த வேண்டாம். ஆனால் ஆறு மாதம் இருக்கும்போது மூன்றாம் நாளே கட்டிலில் வைத்துக் கையெழுத்துப் போட எந்த அவசரமும் இல்லை. ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்), டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, பில் எல்லாவற்றையும் நீங்களே வாங்கி வையுங்கள், ஒரிஜினலை யாரிடமும் கொடுக்காதீர்கள். என்ன வேலை, என்ன சம்பளம் என்பதற்கு மேஸ்திரி நோட்டு, வேலை கொடுத்தவரின் கடிதம், ஜிபே வரவு, எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். 15100க்குப் போன் செய்தால் இலவச சட்ட உதவி பற்றிச் சொல்வார்கள். பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு கிடையாது.

வரும் பணத்தில் இத்தனை சதவீதம் என்று வக்கீல் பேசுவதும், ஆள் வைத்துக் கேஸ் பிடிப்பதும் வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதிப்படி தவறு. ஏற்கனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? எம்.சி.ஓ.பி. எண்ணைக் (விபத்து இழப்பீட்டு வழக்கின் எண்) கேட்டு வாங்கி, ஈ-கோர்ட்ஸ் தளத்தில் போட்டு வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். மனுவின் நகலை வாங்கி, தொழிலும் வருமானமும் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். வழக்கு முடியாத வரை வக்கீலை மாற்றலாம். ஃபீஸ் பாக்கி என்று சொல்லி வழக்குக் கட்டைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமை இல்லை. வெற்று செக் கொடுத்திருந்தால் பேங்கில் போய் அந்த எண்களை நிறுத்தி வையுங்கள்.

நாங்கள் பார் கவுன்சிலில் புகார் கொடுத்திருக்கிறோம், செக் பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்ற பேங்க் ஸ்டேட்மென்டும் இணைத்திருக்கிறோம். ரிட் போடலாமா என்று அந்த அம்மா கட்டைப் படித்துக்கொண்டிருக்கிறார். அண்ணன் இப்போது ஒரு டைல்ஸ் கடையில் நின்றபடி வாடிக்கையாளர்களுக்குக் கல் எடுத்துக் காட்டுகிறார், நாளுக்கு 400 ரூபாய்.