கல்லூரி கோச்சுக்கு வீடியோ அனுப்புகிறோம் என்று வருபவர்களிடம் பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

டல்லாஸ் பக்கம் பெண் பிள்ளைகளின் கிளப் சாக்கர் டோர்னமென்ட் எதற்குப் போனாலும் மைதான ஓரத்தில் கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு இரண்டு பேர் நிற்பார்கள். நம் பிள்ளை ஆடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இவளுக்கு டிவிஷன் 1 ஸ்காலர்ஷிப் வாய்ப்பு இருக்கிறது, ஆனால் கோச்கள் கண்ணில் பட வேண்டுமே" என்று ஆரம்பிப்பார்கள். டிவிஷன் 1 என்றால் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மேல்மட்டப் பிரிவு. மகளின் ஆட்டத்தை வீடியோவாக்கிக் கல்லூரி கோச்களுக்கு அனுப்ப, அப்படி ஒரு கம்பெனியிடம் தவணையாக 1,800 டாலர் கட்டினோம். வக்கீல் நோட்டீஸ் அது இது என்று வரும் என்பதால் பெயரை எழுதவில்லை, ஆனால் அவர்கள் பேசும் விதத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் அந்த வீடியோ. ஆறரை நிமிடம். தொடக்கத்தில் மகளின் பெயர் தீப்பிழம்போடு பறந்து வருகிறது, பின்னால் முரசு அடிக்கிற இசை, அப்புறம் மழையில் அவள் ஷூ கயிறு கட்டுவது ஸ்லோ மோஷனில். பந்து கண்ணில் படவே ஒரு நிமிடத்துக்குப் பக்கம் ஆகிவிடுகிறது. தாத்தா பாட்டிக்கு அனுப்ப அருமையான வீடியோ, நான் மறுக்கவில்லை. ஆனால் அவள் சென்டர் பேக், அதாவது கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற டிஃபெண்டர். டிஃபெண்டரை எடுக்கிற கோச், எதிரணி ஆள் பந்தோடு நேருக்கு நேர் வரும்போது எப்படி நிற்கிறாள், எப்போது காலை நீட்டுகிறாள், பின்னாலிருந்து பந்தை எப்படி வெளியே எடுத்துக் கொடுக்கிறாள் என்பதைத்தான் பார்ப்பார். இவர்கள் போட்டிருந்ததோ கார்னர் கிக்கில் தலையால் அடித்த கோல்களையும், கோல் போட்டபின் கட்டிப்பிடிப்பதையும். எந்தப் பெண் என்று காட்ட ஒரு அம்புக்குறிகூட இல்லை. அதைவிடக் கொடுமை, இரண்டு க்ளிப்பில் பந்தோடு ஓடுவது என் மகளே இல்லை, எதிரணியில் அதே 14-ஆம் எண் போட்ட பெண்! ஒன்றில் அந்தப் பெண் ஒருத்தியை ஏமாற்றித் தாண்டிப் போகிறாள். தாண்டப்பட்டவள்தான் என் மகள்.

அடுத்து "நூற்றுக்கணக்கான கோச்களுக்கு அனுப்புகிறோம்" என்ற பேச்சு. பட்டியலைக் கேட்டு நச்சரித்துத்தான் வாங்கினோம். ஆண்கள் டீம் கோச்கள் இருந்தார்கள், எப்போதோ வேலையை விட்டுப் போனவர்களும் இருந்தார்கள். எல்லோருக்கும் "அன்புள்ள கோச்" என்று ஒரே மெயில், அதில் அவளை ஃபார்வர்டு, அதாவது முன்னால் நின்று கோல் போடுபவள், என்று வேறு எழுதியிருந்தார்கள். கோச்களின் மெயில் முகவரி அந்தந்தக் கல்லூரியின் விளையாட்டுத் தளத்திலேயே இருக்கிறது, பத்து காசு செலவில்லை.

கொஞ்ச நாளில் போன் செய்து "டிவிஷன் 1 கோச்கள் ஆர்வம் காட்டுகிறார்கள்" என்றார்கள். மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏவின் விதிப்படி, பத்தாம் வகுப்பு முடிந்து ஜூன் 15 வரும்வரை டிவிஷன் 1 சாக்கர் கோச் பிள்ளைக்குத் தனியாக மெயிலோ மெசேஜோ அனுப்பி அழைக்க முடியாது. பயிற்சி கேம்ப் விளம்பரம், நிரப்பிக் கொடுக்கும் படிவம் மாதிரியானவற்றைத்தான் அனுப்பலாம். இவர்கள் சொன்ன "ஆர்வம்" அந்தக் கேம்ப் விளம்பரங்கள்தான். மெயில் முகவரி கைக்குக் கிடைத்த எல்லாப் பிள்ளைகளுக்கும் போகிறது, கேம்ப் ஃபீஸ் நாம்தான் கட்ட வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் பணத்தோடு போயிற்று என்று விடலாம். உண்மையிலேயே பயமுறுத்தியது அவர்கள் அடுத்து நீட்டிய "பிரீமியம் பேக்கேஜ்". இப்போது எதுவும் கட்ட வேண்டாம், ஸ்காலர்ஷிப் கிடைத்தால் அதில் இவ்வளவு சதவீதம் கொடுத்தால் போதும் என்றார்கள். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். கல்லூரியில் ஆடும் பெண் உள்ள ஒரு அக்கா எங்கள் அபார்ட்மென்டில் இருக்கிறார், அவர்தான் "கையெழுத்துப் போட்டுடாதே தம்பி" என்று தடுத்தார். இந்தச் சேவைகளுக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாகக் கட்டலாம், ஆனால் கிடைக்கும் ஸ்காலர்ஷிப்பை வைத்துக் கட்டணம் பேசினால் பிள்ளை கல்லூரியில் ஆடும் தகுதியே கேள்விக்குள்ளாகும். என்சிஏஏ விதியிலேயே இருக்கிறது. இதையே தொழிலாகச் செய்பவர்களுக்கு அது தெரியாது என்றால் நான் நம்பத் தயாராக இல்லை.

இன்னொன்று. என்சிஏஏவின் மூன்றாம் பிரிவான டிவிஷன் 3 கல்லூரிகளிலும், ஹார்வர்டு, யேல் மாதிரியான ஐவி லீக் பல்கலைக்கழகங்களிலும் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப்பே கிடையாது. டிவிஷன் 3-இல் படிப்பையும் குடும்ப வருமானத்தையும் வைத்துத்தான் உதவித்தொகை, ஐவி லீகில் குடும்ப வருமானத்தை வைத்து மட்டும்தான். நம் பிள்ளைகளில் பலருக்குப் பொருந்துவது அந்தக் கல்லூரிகள்தான், ஆனால் அவர்கள் பேச்சில் அது வரவே வராது.

ரீஃபண்ட் கேட்டதும் ஒப்பந்தத்தில் ஏதோ ஒரு வரியைக் காட்டினார்கள். கிரெடிட் கார்டு கம்பெனியில் டிஸ்பியூட் போட்டேன். சொன்ன சேவையைத் தரவில்லை என்று பில் வந்த 60 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், அதனால் கடைசித் தவணை மட்டும் திரும்பி வந்தது. ஆள் மாறின க்ளிப்புகளின் ஸ்கிரீன்ஷாட்தான் அதற்கு உதவியது.

வீடியோவை மகளே மறுபடி செய்தாள், கிளப் கேமராவில் பதிவான மேட்ச்களிலிருந்து. முதல் திரையில் பெயர், பள்ளி முடிக்கும் ஆண்டு, ஆடும் இடம், ஜெர்சி எண், ஜிபிஏ (பள்ளி மதிப்பெண் சராசரி), கிளப் கோச் தொடர்பு. ஒவ்வொரு க்ளிப்புக்கும் முன் ஒரு நொடி நிறுத்தி அவள்மேல் வட்டம். நாலு நிமிடத்துக்குள், இசை இல்லாமல், கீழே ஒரு முழு மேட்சின் லிங்க். மெயிலையும் அவளே எழுதினாள். ஒரு டிவிஷன் 3 கோச் இரண்டாவது மேட்ச் ஒன்றும் அனுப்பச் சொல்லிப் பதில் போட்டார்.

கணக்கை மூடியபின்னும் அந்தக் கம்பெனி மகளைப் பற்றி இணையத்தில் போட்ட பக்கம் எடுக்கப்படவில்லை. அதில் அவள் போன் நம்பரும் எங்கள் வீட்டு முகவரியும் யாரும் பார்க்கும்படி இருக்கின்றன, எடுக்கச் சொல்லி இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் உங்கள் பிள்ளையின் பெயரை இன்றைக்கே கூகுளில் போட்டுப் பாருங்கள்.